அப்பா தலையில் ஐஸ் வைத்தோம்: ஸ்ட்ரோக் வந்தால் மூளையைக் குளிர வைப்பது பலன் தருமா?

யமுனைக்கரை | செவ்வாய், இரவு 11:40

வணக்கம். இந்தக் குழுமத்துல இதுவரை காபிப்பொடியும் வாடகை வீடும்தான் கேட்டிருக்கேன். இன்னிக்கு வேற கேள்வி.

போன வியாழக்கிழமை. மயூர் விகார் ஃபேஸ் ஒண்ணு, மூணாவது மாடி. அப்பாவுக்கு 68. கும்பகோணத்துலேர்ந்து வந்து ஒரு மாசம் ஆகுது. காலையில 9:10-க்கு ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணி கேஸ் சிலிண்டர் வந்துச்சான்னு கேட்டேன். தெளிவா பேசினார். 10:30-க்கு அம்மா மொட்டை மாடியில துணி உலர்த்திட்டு இறங்கி வந்தா, அப்பா பால்கனி நாற்காலியில சாஞ்சு கிடக்கார். பேச்சு குழறுது. வெளியில 44 டிகிரி. எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி ஓடி வந்து பார்த்துட்டு "லூ லக் கயீ"ன்னு சொல்லிட்டாங்க. அனல்காத்து அடிச்சிடுச்சுன்னு அம்மாவும் நம்பிட்டா.

தலையில ஐஸ், கழுத்துல ஈரத்துண்டு, கூலர் முன்னாடி படுக்க வெச்சு 50 நிமிஷம். நான் வந்து சேர்ந்தப்ப 11:20. "அப்பா, சிரிங்க"ன்னேன். வாய் ஒரு பக்கம்தான் போச்சு.

பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிட்டுப் போனோம். ட்ரிப் ஏத்தினாங்க, "டாக்டர் வந்துட்டே இருக்கார்"ன்னாங்க. அங்க சி.டி. ஸ்கேன் இல்லைங்கறதையே 1 மணிக்குத்தான் சொன்னாங்க. அங்கேர்ந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சி.டி. முடிஞ்சப்ப 1:55. ரத்தக்கசிவு இல்லை, அடைப்பு. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம் தாண்டிடுச்சாம். 9:10-லேர்ந்து கணக்கு போட்டா 1:40. பதினஞ்சு நிமிஷம்.

வலது கை, வலது கால், பேச்சு மூணும் அடி.

இப்ப கேள்வி. வார்டுல பக்கத்து பெட்காரரோட பையன், வெளிநாட்டுல ஸ்ட்ரோக் வந்தா மூளையைக் குளிர வெச்சு காப்பாத்தறாங்கன்னார். தேடிப் பார்த்தா நிறைய வருது. அப்படின்னா நாங்க வெச்ச ஐஸ் கொஞ்சமாவது நல்லது பண்ணியிருக்குமா? ஆறுதலுக்காகக் கேக்கலை. சரி, ஆறுதலுக்காகவும்தான்.

---

ரமணி_ஆர்கேபுரம் | செவ்வாய், இரவு 11:58

தம்பி, முதல்ல அப்பா நல்லபடியா எழுந்து வரணும்.

உங்க அம்மாவை யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஜூன் மாசம் டெல்லியில ஒருத்தர் பால்கனியில சாஞ்சு கிடந்தா நானும் 'லூ'ன்னுதான் நினைப்பேன். 2024-ல ஆர்.எம்.எல். ஆஸ்பத்திரியில ஹீட் ஸ்ட்ரோக்குக்குன்னே தனிப் பிரிவு திறந்தாங்க. பெரிய தொட்டி, ஐஸ் தண்ணி, ஆளை அப்படியே அதுல இறக்கறது. அந்தப் படத்தையெல்லாம் டி.வி.யில பார்த்த யாருக்கும் ஸ்ட்ரோக்னா ஐஸ்னு மனசுல பதிஞ்சிருக்கும். ரெண்டு வியாதிக்கும் ஒரே பேரை வெச்சவனைத்தான் பிடிச்சு உதைக்கணும்.

(அந்த வருஷம்தானே முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு ஊரே அலறினது. அப்புறம் கருவி 3 டிகிரி அதிகமா காட்டிடுச்சுன்னாங்க. மிச்ச 49.9 மட்டும் என்னவோ மார்கழி மாதிரி.)

---

கரோல்பாக்_மாமி | புதன், காலை 6:15

குழந்தே, கவலைப்படாதே. என் மாமனாருக்கு இதே மாதிரி வந்து ஆறு மாசத்துல தானே எழுந்து கோயிலுக்குப் போனார்.

வாட்ஸப்புல ஒண்ணு வந்ததே, பத்து விரல் நுனியிலேயும் ஊசியால குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா வாய் நேராயிடும்னு. அதைப் பண்ணிப் பார்த்தேளா?

---

மூலிகைப்பித்தன் | புதன், காலை 7:02

மாமி சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. உடல் சூடுதான் வாதத்துக்கு மூலம். நம் முன்னோர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிரவைத்தது எதற்காக? அலோபதிக்காரர்கள் இன்று 'மூளையைக் குளிர்வித்தல்' என்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடிப்பதை நம் பாட்டி சனிக்கிழமைதோறும் செய்தாள். ஊரில் புறா ரத்தம் தேய்த்துப் பக்கவாதம் குணமானவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

மட்டுறுத்துநர் | புதன், காலை 8:30

புறா ரத்தம், விரல் குத்தல் ரெண்டும் இந்த இழையில இனி வேண்டாம். பதிவை நீக்கலை, படிக்கிறவங்க இதை அறிவுரையா எடுத்துக்காதீங்க.

---

இரவுப்பணி | புதன், மதியம் 2:20

நியூராலஜி ரெசிடென்ட். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. ட்யூட்டி முடிஞ்சு தூங்கி எழுந்து எழுதறேன், நீளமா போகும்.

யமுனைக்கரை, நேரா சொல்லிடறேன். ஐஸ் எந்த நல்லதும் பண்ணியிருக்காது. ஆனா உங்க கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. நாப்பது அம்பது வருஷமா பெரிய பெரிய ஆளுங்க தலையை உடைச்சுக்கிட்ட கேள்வி.

டெல்லியில கரண்ட் போனா என்ன பண்றோம்? இன்வெர்ட்டர்ல ஃபிரிட்ஜை அணைச்சுட்டு ஒரு ஃபேனை மட்டும் ஓட்டுவோம். பேட்டரி கூட நேரம் தாங்கும். மூளையைக் குளிர வைக்கிறதுக்குப் பின்னால இருக்கறதும் இதே யோசனைதான். மூளை உடம்பு எடையில 2 சதவீதம், ஆனா ஆக்ஸிஜன்ல 20 சதவீதம் அதுக்கே போகுது. பெரிய ரத்தக்குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகுதுன்னு 2006-ல ஒரு கணக்கு வந்தது, எங்க வகுப்புல முதல் நாளே சொல்லிடுவாங்க. அடைப்புக்கு நேர் நடுவுல இருக்கற பகுதி சீக்கிரமே போயிடும். அதைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். வேலை செய்யாது, ஆனா இன்னும் சாகலை. பெனம்ப்ரான்னு சொல்லுவோம். ஸ்ட்ரோக்ல நாங்க ஓடற ஓட்டமெல்லாம் அந்த வளையத்துக்காகத்தான்.

ஒரு டிகிரி குறைச்சா மூளையோட தேவை சுமாரா 6-7 சதவீதம் குறையும். அதோட போகலை. ஆக்ஸிஜன் இல்லாத அணுக்கள் குளூட்டமேட்ங்கற வேதிப்பொருளைக் கொட்டி பக்கத்து அணுக்களையும் கொல்லும், அதுவும் மட்டுப்படும். வீக்கம், அழற்சி எல்லாம் குறையும். மருந்துன்னா ஒரு இடத்துல ஒரு பூட்டைத்தான் திறக்கும், குளிர்ச்சி ஒரே நேரத்துல பத்து இடத்துல வேலை செய்யும். ஆய்வுக்கூடத்து எலிகள்ல இது பிரமாதம். 2007-ல விலங்கு ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தப்ப செத்த பகுதியோட அளவு 44 சதவீதம் குறைஞ்சிருந்தது. விலங்கு ஆய்வுகள்ல நல்ல பலன் காட்டின நரம்புப் பாதுகாப்பு வழிகள்ல இதுவும் ஒண்ணு.

அப்ப ஏன் வார்டுல யாரும் பண்றதில்லை? எலியை மயக்கத்துல வெச்சிருப்பாங்க, அதுக்கு நடுங்காது. அடைச்ச உடனேயே, சில சமயம் அதுக்கு முன்னாடியே குளிர வைப்பாங்க. நம்ம ஆளுக்கு எழுபது வயசு, சர்க்கரை, பி.பி., முழிச்சிட்டு இருக்கார், மூணு மணி நேரம் கழிச்சு வந்து சேர்றார். உடம்பு 35.5 டிகிரிக்குக் கீழ போனாலே நடுங்க ஆரம்பிச்சிடும். நடுக்கம்னா தசை முழுக்க வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆக்ஸிஜன் செலவு ஏறும், நாம மிச்சம் பிடிக்க நினைச்சது அதுலயே போயிடும். அதை அடக்க பெத்திடின் கொடுப்பாங்க, தோலுக்கு மேல கம்பளி போட்டு சூடாக்கி உடம்பை ஏமாத்துவாங்க, உள்ளே தொடை ரத்தக்குழாய் வழியா கத்தீட்டர்ங்கற மெல்லிய குழாயை விட்டு ரத்தத்தைக் குளிர வைப்பாங்க. மேல கம்பளி, உள்ளே ஐஸ். சொன்னா சிரிப்பீங்க, அப்படித்தான் பண்ணினாங்க.

அமெரிக்காவுல 58 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2010-ல வெளிவந்தது. குளிர வெச்ச 28 பேர்ல 14 பேருக்கு நிமோனியா. மத்த 30 பேர்ல 3 பேருக்கு. ஸ்ட்ரோக் ஆளுக்கு ஏற்கனவே விழுங்கறது கஷ்டம், தூக்க மருந்து வேற போனா எச்சில் நுரையீரலுக்குத்தான் போகும். அடுத்து 1600 பேரோட பெருசா ஆரம்பிச்ச ஆய்வு 120 பேரோட நின்னுது. ஐரோப்பாவுல யூரோஹிப்-1 இன்னும் பாவம். 1500 பேர் வேணும்னு ஆரம்பிச்சு 98 பேர்தான் கிடைச்சாங்க. பலன் எதுவும் தெரியலை, ஆனா 98 பேரை வெச்சு 'பலன் இல்லை'ன்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. 2019-ல முடிவை வெளியிட்டுட்டு மூட்டை கட்டிட்டாங்க.

அதனால என் பதில்: தோத்துப்போன சிகிச்சைன்னு சொல்ல மாட்டேன், பரீட்சையே முழுசா எழுதாத சிகிச்சை.

---

தெர்மோ_தம்பி | புதன், மாலை 7:45

மெக்கானிக்கல். நொய்டாவுல ஏ.சி. வடிவமைக்கிற வேலை. டாக்டர் மருத்துவத்தைச் சொல்லிட்டார், நான் வெப்பக் கணக்கைச் சொல்றேன், ஏன்னா வெளியே ஐஸ் வெச்சு மூளையைக் குளிர வைக்க முடியுமாங்கறது என் ஏரியா.

மூளைக்கு நிமிஷத்துக்கு சுமார் 750 மில்லி ரத்தம் போகுது, 37 டிகிரி சூட்டோட. ரத்தத்தோட வெப்பக் கொள்ளளவை வெச்சுப் பார்த்தா, மூளையை ரத்தத்தைவிட ஒரு டிகிரி கீழ வெச்சிருக்க சுமார் 45 வாட் சூட்டை வெளியே எடுத்துட்டே இருக்கணும். மூணு டிகிரின்னா 135 வாட்டுக்கு மேல. ஐஸ் போதாதுன்னு இல்லை. ஒன்றரை கிலோ ஐஸ் ஒரு மணி நேரத்துல உருகினா அவ்வளவு சூட்டையும் விழுங்கிடும். சூடு வெளியே வர்றதுக்கு வழிதான் இல்லை. முடி, தோல், எலும்பு, அதுக்குக் கீழ நீர். ஐஸ் பட்ட உடனே தோல்ல இருக்கற ரத்தக்குழாய் சுருங்கிக்கும், அது இன்னொரு ஜமக்காளம் போர்த்தின மாதிரி. மூளையோட மேல்பரப்பு லேசா குளிரலாம். உள்ளே ஆழத்துல ரத்தம் வந்து சூடாக்கிட்டே இருக்கும். ஓடற தண்ணி குழாயை வெளியேர்ந்து ஈரத்துணி சுத்தி ஜில்லுனு ஆக்கற கதை.

---

யமுனைக்கரை | புதன், இரவு 9:10

தெர்மோ, அடைப்பு இருக்கற இடத்துல ரத்தமே வரலையே. அப்ப அங்க சூடாக்க ஆள் இல்லைதானே? அந்த இடம் மட்டும் குளிர்ந்திருக்காதா?

---

தெர்மோ_தம்பி | புதன், இரவு 9:32

நல்ல கேள்வி, ஒரு நிமிஷம் யோசிக்க வெச்சுட்டீங்க. ரத்தம் நின்ன பகுதி சின்னது. அதைச் சுத்தி நாலாபக்கமும் 37 டிகிரி மூளை. அதுக்கும் ஐஸுக்கும் நடுவுல அதே எலும்பு. அந்தத் துண்டு பக்கத்து வீட்டுச் சூட்டை வாங்கிட்டு இருக்கும். டாக்டர் சரிபார்க்கட்டும்.

---

இரவுப்பணி | புதன், இரவு 10:05

சரிதான். அதோட அந்த வளையத்துக்குப் பக்கத்துக் குழாய்கள் வழியா கொஞ்சம் ரத்தம் வந்துட்டேதான் இருக்கும், அதனாலதான் அது இன்னும் சாகாம இருக்கு.

உள்ளேயிருந்து குளிர வைக்கிற வழி ஒண்ணு இருக்கு. கட்டியை கத்தீட்டர் விட்டு வெளியே இழுத்ததும் அதே குழாய் வழியா 4 டிகிரி சலைன் சுமார் 350 மில்லி, நேரா அடிபட்ட பகுதிக்கே. சீனாவுல 2016-லேர்ந்து சின்னச் சின்ன ஆய்வுகள் வந்திருக்கு. பாதுகாப்பா பண்ண முடியுதுன்னு காட்டியிருக்காங்க. உடம்பு முழுக்கக் குளிராததால நடுக்கமும் இல்லை. எனக்கு நம்பிக்கை இருக்கறது இந்தப் பக்கம்தான். ஆனா இதுக்கு முதல்ல கட்டியை எடுக்கற வசதி வேணும். உங்க அப்பாவுக்கு அடைச்சது ஆழத்துல சின்னக் குழாய், கத்தீட்டர் போற குழாய் இல்லைன்னு நினைக்கிறேன். அதனாலதான் அதைப் பத்தி யாரும் பேசியிருக்க மாட்டாங்க.

---

யமுனைக்கரை | புதன், இரவு 10:11

ஆமாம், அப்படித்தான் சொன்னாங்க.

---

குட்டிமா_அப்பா | வியாழன், காலை 10:20

டாக்டர் சார், ஒரே அடியா கைகழுவாதீங்க. என் பொண்ணு பொறந்தப்ப அழலை, மூச்சுத் திணறல், மூளைக்கு ஆக்ஸிஜன் போகலைன்னாங்க. துவாரகா பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில 72 மணி நேரம் 33.5 டிகிரியில வெச்சிருந்தாங்க. தொட்டுப் பார்த்தா சில்லுனு இருப்பா, பார்க்கவே வயிறு எரியும். இப்ப மூணாம் வகுப்பு, வாய் மூடறதே இல்லை. அந்த மெத்தையே நம்ம ஊர் கண்டுபிடிப்பு. மெழுகு மாதிரி ஒரு பொருள் உருகி உருகி சூட்டை இழுக்குது, வேலூர் சி.எம்.சி.யும் குர்கான் கம்பெனி ஒண்ணும் சேர்ந்து பண்ணினது. குளிர்ச்சி வேலை செய்யும். கண்ணால பார்த்தவன் நான்.

---

இரவுப்பணி | வியாழன், மதியம் 1:15

உங்க பொண்ணு வாய் மூடாம இருக்கட்டும். உண்மையா சந்தோஷம்.

பச்சைக் குழந்தைங்க விஷயம் தனி. தலை சின்னது, உடம்பு சீக்கிரம் குளிரும், பெரியவங்க மாதிரி நடுங்காது. முக்கியமா, அடி எப்ப விழுந்ததுன்னு தெரியும், ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிடலாம். பணக்கார நாடுகள்ல இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு, அங்க இது வழக்கமான சிகிச்சை.

ஆனா 2021-ல வந்த ஹீலிக்ஸ் ஆய்வை மறைச்சுட்டு நான் பேச முடியாது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூணு நாட்டுலயும் சேர்த்து 408 குழந்தைங்க. குளிர வெச்ச பக்கம் 42 சதவீதம் இறப்பு, மத்த பக்கம் 31. அங்க பலன் தந்தது இங்க ஏன் கெடுதல் ஆச்சுன்னு இன்னும் சண்டை நடக்குது. கர்ப்பத்துலேயே மெல்ல மெல்ல அடி விழுந்த குழந்தைங்களோ, கிருமித்தொற்றோ, ஊட்டக்குறைவோன்னு பல பேச்சு. ஒரு சிகிச்சை யாருக்கு, எப்ப, எந்த நிலைமையிலங்கறதை விட்டுட்டு 'வேலை செய்யும், செய்யாது'ன்னு பேசவே முடியாது.

---

குட்டிமா_அப்பா | வியாழன், மதியம் 1:22

அப்ப என் பொண்ணு சும்மா பொழைச்சான்னு சொல்றீங்களா? அந்த மூணு ராத்திரி நாங்க பட்டது உங்க சதவீதத்துல வருமா?

---

சிஸ்டர்_நாகர்கோவில் | வியாழன், மாலை 5:40

அண்ணா, கோபப்படாதீங்க. அப்படி அவர் சொல்லலை. அந்த ராத்திரிகள்ல உங்க பொண்ணு பக்கத்துல நின்ன நர்ஸ் ஒருத்தி இருந்திருப்பா, அவளும் எண்ணி எண்ணித்தான் ராத்திரி கழிச்சிருப்பா. அவ பொழைச்சது நிஜம். குளிர்ச்சியாலயா, வேற எதாலயான்னு ஒரு குழந்தையை வெச்சு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நான் பதினோரு வருஷமா நியூரோ ஐ.சி.யூ.வுல இருக்கேன், அதுல எட்டு வருஷம் டெல்லி. எல்லாரும் 33 டிகிரி, 34 டிகிரின்னு பேசறீங்க. எங்க சண்டை 37.5-ல. ஸ்ட்ரோக் வந்தவருக்கு ஜுரம் வந்தா கெட்டுப்போகும். கோபன்ஹேகன்ல 390 பேரைப் பார்த்து 1996-லயே எழுதிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப உடம்புச் சூடு ஒரு டிகிரி கூட இருந்தா மோசமான முடிவுக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல.

எனக்குப் பிடிச்ச ஆய்வு ஆஸ்திரேலியாவுல நடந்தது, 2011-ல வந்தது. மெஷின் கிடையாது, புது மருந்து கிடையாது. நர்ஸுங்க மூணே மூணு விஷயத்தை விடாம பார்த்துக்கணும்: ஜுரம், சர்க்கரை, விழுங்கறது. 37.5 தொட்டா பாராசிட்டமால், சர்க்கரை ஏறினா இன்சுலின், விழுங்கற சோதனை பண்ணாம வாய்ல ஒரு சொட்டு கிடையாது. மூணு மாசம் கழிச்சு இறந்தவங்களும் அடுத்தவர் துணையில்லாம முடியாதவங்களும் 58 சதவீதத்துலேர்ந்து 42-க்கு இறங்கிடுச்சு. யார் இதைப் பத்தி பேசறா? வாட்ஸப்புல வராது, ஏன்னா இதுல ஐஸும் இல்லை, புறாவும் இல்லை.

---

இரவுப்பணி | வியாழன், இரவு 8:50

சிஸ்டர் சொன்னதுக்கு ஒரு கை தட்டல். ஒரு சின்ன இடைச்செருகல் மட்டும். ஜுரத்தை மட்டும் தனியாப் பிரிச்சு, மெஷின் வெச்சு 37-ஐத் தாண்டாம பிடிச்சுப் பார்த்த ஆய்வு 2024-ல வந்தது, 677 பேர். ஜுரம் குறைஞ்சுது, ஆனா கை கால் தேறினதுல வித்தியாசம் தெரியலை. அதனால ஜுரம் நோயாளி எவ்வளவு மோசம்ங்கறதுக்கு அடையாளமா, கெடுதலுக்குக் காரணமாங்கறது இன்னும் முடியலை. என்னைக் கேட்டா அந்த மூணையும் சேர்த்துப் பார்த்துக்கறதுலதான் விஷயம் இருக்கு.

இதயத் துடிப்பே நின்னு, மீட்டு எடுத்தவங்க கதையும் இதே மாதிரிதான் போச்சு. 2002-ல 33 டிகிரிதான் தெய்வம்னாங்க. 2013-ல 33-க்கும் 36-க்கும் வித்தியாசம் இல்லை. 2021-ல ஜுரம் வராம பார்த்துக்கிட்டா போதும்ங்கற அளவுக்கு இறங்கி வந்தாச்சு.

---

ரமணி_ஆர்கேபுரம் | வியாழன், இரவு 9:15

டாக்டர், ஒரு கிழவன் சந்தேகம். ஜனவரியில மூடுபனியில வாக்கிங் போகாதீங்க, குளிர்ல ஸ்ட்ரோக் வரும்னு நீங்களே சொல்றீங்க. இப்ப குளிர்ச்சி மூளையைக் காப்பாத்தும்ங்கறீங்க. நான் மப்ளரைக் கட்டணுமா, அவிழ்க்கணுமா?

---

இரவுப்பணி | வியாழன், இரவு 9:28

கட்டுங்க சார்! வெளிக்குளிர்ல தோல் ரத்தக்குழாய் சுருங்கும், பி.பி. ஏறும், அதுல ஸ்ட்ரோக் வர வாய்ப்பு கூடும். உங்க மூளை அப்பவும் அதே 37 டிகிரியிலதான் உக்கார்ந்திருக்கும், தெர்மோ தம்பி சொன்ன காரணத்தால.

---

கரோல்பாக்_மாமி | வெள்ளி, காலை 6:05

ஊசி விஷயம் தப்புன்னா விட்டுடறேன். ஆனா அடுத்த தடவை எங்காத்துல யாருக்காவது வந்தா நான் என்ன பண்ணணும்னு தெளிவா சொல்லுங்கோ. ஹீட் ஸ்ட்ரோக்கா, மத்ததான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நான் டாக்டரா?

---

சிஸ்டர்_நாகர்கோவில் | வெள்ளி, காலை 7:30

மாமி, நீங்க கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

வெயில் அடிச்சவருக்கு உடம்பு கொதிக்கும், 40 டிகிரிக்கு மேல. ஆளு குழம்பிப் பேசுவார், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மூளை ஸ்ட்ரோக்னா பெரும்பாலும் ஒரு பக்கம்தான். சிரிக்கச் சொல்லுங்க, வாய் கோணுதா. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, ஒண்ணு இறங்குதா. "இன்னிக்கு வியாழக்கிழமை"ன்னு சொல்லச் சொல்லுங்க, குழறுதா. இது பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நெத்தியில கை வெச்சுப் பாருங்க, தெர்மாமீட்டர் இருந்தா வைங்க.

ஹீட் ஸ்ட்ரோக்னா முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டி. மூளை ஸ்ட்ரோக்னா முதல்லயே வண்டி. நேர் எதிர். சந்தேகமா இருந்தா 112-க்கு போன் போட்டுட்டு, வண்டி வர்ற வரைக்கும் ஈரத்துணி போடுங்க.

இன்னொண்ணு. ஆஸ்பிரின் வேண்டாம், நாக்குக்கு அடியில எந்த மாத்திரையும் வேண்டாம், பி.பி. மாத்திரை கூடுதலா வேண்டாம், தண்ணி, காபி எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவா அடைப்பான்னு சி.டி. எடுக்காம கடவுளுக்கே தெரியாது. கடைசியா எப்ப நல்லா இருந்தார்ங்கற நேரத்தைக் குறிச்சு வைங்க. போற ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே போன் பண்ணி "சி.டி. இருக்கா, ராத்திரியும் ஓடுமா, கரைக்கிற ஊசி இருக்கா"ன்னு கேளுங்க. இருக்குன்னு சொன்னா மட்டும் அங்க போங்க.

யமுனைக்கரை, உங்களுக்குத் தனியா. நேரக்கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். ஐஸ் வெச்சது 50 நிமிஷம். சி.டி. இல்லாத அந்த இடத்துல போனது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. அம்மா பண்ணினது தெரியாத்தனம். போர்டு மாட்டிட்டு உக்கார்ந்திருக்கறவங்க ட்ரிப் ஏத்திட்டு உக்கார வெச்சது அப்படி இல்லை. அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க.

---

மூலிகைப்பித்தன் | வெள்ளி, காலை 11:10

புறா பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எண்ணெய்க் குளியலை அல்ல.

---

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 11:14

எண்ணெய்க் குளியலுக்கு இங்கே தடை ஏதும் இல்லை.

---

குட்டிமா_அப்பா | வெள்ளி, இரவு 9:50

டாக்டர் சார், நேத்து சூடா பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஹீலிக்ஸ் பத்தித் தேடிப் படிச்சேன். பாதிதான் புரிஞ்சுது. அந்த இன்னொரு பக்கத்துப் பெத்தவங்களைப் பத்தி இதுவரைக்கும் நான் நினைச்சதே இல்லை.

---

யமுனைக்கரை | ஞாயிறு, மாலை 6:30

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைஞ்சதுல பதில் எழுத முடியலை.

இரவுப்பணி, நீங்க எழுதின முதல் வரியைப் படிச்சப்ப ரொம்ப வலிச்சுது. அப்புறம் யோசிச்சா, நான் கேட்டது ஐஸ் பத்தியே இல்லைன்னு தோணுது. அந்த 50 நிமிஷம் வீணா போகலைன்னு யாராவது சொல்லிடுவாங்களான்னு பார்த்திருக்கேன். வீணாத்தான் போச்சு. சரி.

அம்மாகிட்ட சிஸ்டர் கணக்கைச் சொன்னேன். ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஐஸ் வெக்கறப்ப உடம்பு கொதிக்கவே இல்லைடா, சாதாரணமாத்தான் இருந்தது, எனக்கே ஒரு மாதிரி இருந்தது"ன்னா. தெர்மாமீட்டர் அலமாரியில இருந்திருக்கு. கொரோனாவுக்கு வாங்கினது.

அப்பா வலது கட்டைவிரலை அசைக்கிறார். பிசியோ ஆரம்பிச்சாச்சு. ஜுரம் இல்லை, நர்ஸுங்க நாலு மணிக்கு ஒரு தடவை பார்க்கறாங்க, இப்ப நானும் சார்ட்டை எட்டிப் பார்க்கறேன். பேச்சு இன்னும் சரியா வரலை, ஆனா நேத்து அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார், எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. "மோர்."

சிஸ்டர், கொடுக்கலாமா?

---

சிஸ்டர்_நாகர்கோவில் | ஞாயிறு, மாலை 6:41

விழுங்கற சோதனை முடிஞ்சு அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் கூடாது. ஆரம்பத்துல தண்ணி மாதிரி இருக்கறதுதான் ஆபத்து, நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். சரின்னு சொன்னதும் நிமிர்த்தி உக்கார வெச்சு, பவுடர் போட்டு கெட்டியாக்கி, ஒரு ஒரு ஸ்பூனா. முழுங்கிட்டாரான்னு பார்த்துட்டு அடுத்தது.

---

யமுனைக்கரை | ஞாயிறு, மாலை 6:44

கெட்டியாக்கினா அதை மோர்னே ஒத்துக்க மாட்டார் சிஸ்டர். கும்பகோணம்.